மூன்று ஆழத்துத் தண்ணீர்

பணி ஓய்வு பெற்றவர்கள் எழுதுகிற மாதிரிக் கட்டுரை இது. எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. ஆனாலும் போன மாதம் நான் வேலையை விட்டபோது எங்கள் அலுவலகத்தில் எனக்குச் சால்வை போட்டார்கள், ஆப்பிள் கூடை கொடுத்தார்கள், வாசலில் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். ஒருவர் மைக் இல்லாமலே உரையாற்றினார். எல்லாம் முறைப்படி நடந்துவிட்டதால் நானும் ஓய்வு பெற்றவளாகவே என்னை வைத்துக்கொள்கிறேன்.

எழுதுவதற்குக் காரணம் நம் வேதியியல் துறையின் ஜூனியர்கள்தான். இந்த வருடம் மட்டும் எத்தனை பேர் போன் செய்துவிட்டார்கள். ஒருத்திக்கு உதவித்தொகைப் பட்டியல் வரவே இல்லை. ஒருவனுடைய கைடு வேறு ஊருக்குப் போய்விட்டார். இன்னொருத்தி சேரவிருந்த வெளிநாட்டுத் துறையையே மூடிவிட்டார்களாம். எல்லோரும் கடைசியில் ஒரே இடத்துக்கு வந்து நிற்கிறார்கள்: "அக்கா, போட்ட பிளான் எல்லாம் போச்சு, இப்ப என்ன பண்றது?" போனில் நான் வேகமாகப் பேசுவேன், அவர்களுக்குப் பாதி புரியாது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். அறிவுரை ஒன்றும் இதில் கிடையாது.

படிப்புக் கதையைச் சுருக்கிவிடலாம். வேதியியல் எம்.எஸ்சி. முடித்தேன், பிராஜெக்ட்டுக்கு எண்ணூர் முகத்துவாரத்துத் தண்ணீரை எடுத்தேன், அதன்மேல் பைத்தியம் பிடித்துப் பி.எச்டி. சேர்ந்தேன். ஆற்றிலிருந்து வருகிற நல்ல தண்ணீர் கடலின் உப்புத் தண்ணீரைச் சந்தித்ததும் உடனே கலந்துவிடாது. லேசானது என்பதால் மேலே ஒரு போர்வை மாதிரி படர்ந்துகொள்ளும். அந்தப் போர்வை எவ்வளவு தடிமன், எவ்வளவு நேரம் நிற்கும், எது அதைக் கலைக்கிறது? இதுதான் என் தலைப்பு. ராயபுரத்தில் எங்கள் கோயில் தெருவில் நான் பி.எச்டி. சேர்ந்த வாரமே "டாக்டரம்மா" ஆகிவிட்டேன். ஞாயிற்றுப் பூசை முடிந்து வெளியே வந்தால் யாராவது ஒருவர் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்பார். நான் தண்ணீர் டாக்டர் என்று எத்தனை தடவை சொன்னாலும் ஏறவில்லை.

முதல் வருடம் முடியும்போது என் கைடு மேடம் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் புத்தகங்கள் அட்டைப் பெட்டிக்குள் ஏறிக்கொண்டிருந்தன. கணவருக்கு வெளிநாட்டில் வேலை, தனக்கும் அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் கிளம்புகிறேன் என்றார். அவர் பெயரில் இருந்த திட்டத்தை மூடிவிடுவார்கள், அதிலிருந்து வந்துகொண்டிருந்த என் உதவித்தொகையும் நின்றுவிடும். வேறு கைடிடம் மாறலாம், ஆனால் துறையில் தண்ணீர் பார்க்கிறவர் வேறு யாரும் இல்லை. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பெட்டிக்கு டேப் ஒட்டக்கூட உதவினேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், கையில் இருக்கிற பணம் எத்தனை மாதத்துக்கு வரும் என்று டிக்கெட்டின் பின்னால் கணக்குப் போட்டேன்.

என் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். எதையும் உயரத்திலிருந்து பார்த்த பழக்கம் அவருக்கு. நான் இரண்டு நாள் பேசாமல் இருந்ததைப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் காலையில் கேட்டார்: "இன்னாமா, மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு கீற?" சொன்னேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "ஒனக்குத் தண்ணி டெஸ்ட் பண்ணத் தெரியும்ல? கப்பலாண்ட போட்ல வந்து தண்ணி மொண்டு பாக்குற ஆளுங்க கீறாங்க. அவனுங்களுக்கு ஆள் வோணுமாம், கேட்டுப் பாக்கட்டா?" என்றார்.

எனக்கு அது தற்காலிக ஏற்பாடு. வேறு எங்காவது ஆராய்ச்சி இடம் கிடைக்கும்வரை. அப்படித்தான் சேர்ந்தேன்.

வேலை இதுதான். நிலக்கரிக் கப்பல் எண்ணூர்த் துறைமுகத்தில் வந்து நின்றதும் அதன் உடம்பில் எழுதியிருக்கும் எண்களைப் படித்து, கப்பல் எவ்வளவு ஆழம் அமுங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். முன்னால், நடுவில், பின்னால், இரண்டு பக்கமும். அதோடு அது நிற்கிற தண்ணீரின் அடர்த்தியையும் அளக்க வேண்டும், ஏனென்றால் உப்புத் தண்ணீர் கப்பலைக் கொஞ்சம் கூடுதலாகத் தூக்கிப் பிடிக்கும். இரண்டையும் வைத்துக் கப்பலின் மொத்த எடை கிடைக்கும். நிலக்கரியெல்லாம் இறக்கிய பிறகு மறுபடி இதே வேலை. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் இறங்கிய நிலக்கரி. ஒரு மலையைத் தராசில் வைக்காமல் நிறுத்துவிடலாம். முதல் நாள் இதைப் புரிந்துகொண்டபோது படகிலேயே சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

என் மேலதிகாரி பொன்ராஜ் சார். தூத்துக்குடிப் பக்கம். அவருடைய அண்ணன்கள் திருவொற்றியூரில் மளிகை மொத்த வியாபாரம், இவர் மட்டும் கப்பலுக்கு வந்தவர். நாற்பதைக் கொஞ்சம் தாண்டியிருப்பார். அவரிடம் சில பிடிவாதங்கள் உண்டு. கப்பல் அதிகாரியின் முன்னால் எந்த எண்ணையும் வாய்விட்டுச் சொல்லமாட்டார். அவர் படிப்பார், அதிகாரி படிப்பார், தனித்தனியாக எழுதிக்கொண்டு பிறகு இரண்டு தாளையும் ஒரே நேரத்தில் திருப்பிக் காட்ட வேண்டும். அலை ஏறி இறங்கும்போது எண்ணை எப்படிப் படிப்பது? கையைத் தட்டையாக நீட்டி, அலையோடு கையையும் ஏற்றி இறக்குவார். மேலே எங்கே நிற்கிறது, கீழே எங்கே நிற்கிறது என்று கை பழகிய பிறகுதான் நடுவை எழுதுவார். அதுவரை படகில் யாரும் இருமக்கூடக் கூடாது. ஹைட்ரோமீட்டர் என்கிற அந்தக் கண்ணாடி மிதவைக்கென்று தனிக் கைக்குட்டை வைத்திருந்தார். அதில் முகம் துடைத்ததை நான் பார்த்ததே இல்லை, எவ்வளவு வேர்த்தாலும்.

இன்னொன்று. எல்லோருக்கும் கோபம் வந்தால் மரியாதை குறையும், இவருக்குக் கூடும். சாதாரணமாக "ஏம்மா ரெஜினா" என்பவர், நான் ஏதாவது தவறு செய்தால் "நீங்க" ஆகிவிடுவார். "மேடம்" என்று வந்துவிட்டால் அன்றைக்கு மதியச் சாப்பாடு இறங்காது.

ஒன்றரை வருடம் போயிருக்கும். நான் எழுதிப்போட்ட இடங்களில் ஒன்றிலிருந்து பதில் வந்தது. வேறு மாநிலத்தில் ஒரு நிறுவனம், நல்ல பெயர், உதவித்தொகையும் உண்டு. ஆனால் தலைப்பு மாத்திரைகள். மாத்திரையின் மேல்பூச்சு வயிற்றுக்குள் எவ்வளவு நேரத்தில் கரைகிறது என்பது. பரவாயில்லை, பி.எச்டி. பி.எச்டி.தானே என்று நினைத்துக்கொண்டேன். தெருவில் டாக்டரம்மா என்று மறுபடி தைரியமாக நடக்கலாம். அப்பா அன்றைக்கே ஒரு பெரிய நீலச் சூட்கேஸ் வாங்கி வந்துவிட்டார். அந்தப் பேராசிரியர் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் போனில் உறுதி சொல்லச் சொல்லியிருந்தார். சொல்லாவிட்டால் காத்திருப்பில் இருக்கிற அடுத்தவருக்கு இடம் போய்விடும்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் எங்களுக்கு ஒரு கப்பலின் இரண்டாவது அளவை இருந்தது. என் கடைசிக் கப்பல் என்று முடிவு செய்திருந்தேன். பொன்ராஜ் சாரிடம் இன்னும் சொல்லவில்லை. வேலை முடித்துக் கரையேறியதும் சொல்லிக்கொள்ளலாம் என்று மனதுக்குள் வசனமெல்லாம் தயார்.

அதற்கு முந்தைய நாட்களில் மழை பேய்மழை. கப்பல் வந்தபோது வானம் தெளிவு, முதல் அளவை ஒழுங்காக முடிந்திருந்தது. நிலக்கரி இறங்கிக்கொண்டிருக்கும்போதுதான் மழை பிடித்தது. பிறகு புயல் சின்னம் ஆந்திரப் பக்கம் ஏறிப் போனதும் காற்று தெற்கிலிருந்து திரும்பி அடித்து, முகத்துவாரத்திலிருந்து வெளியே வந்த ஆற்று வெள்ளத்தையெல்லாம் வடக்கே துறைக்குள் தள்ளியிருந்தது. நாங்கள் படகில் இறங்கியபோது தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. எண்களைப் படித்தோம். அடர்த்தி பார்த்தோம். மிதவை வழக்கத்தைவிட நன்றாக உள்ளே அமுங்கியது. தண்ணீர் லேசு என்று அர்த்தம். மேலே போய்க் கணக்கைப் போட்டதும் பொன்ராஜ் சாரின் புருவம் ஏறியது. கப்பலிலிருந்து இறங்கியதாக வந்த நிலக்கரி, வெளியே லாரிகள் எடைமேடையில் காட்டிய நிலக்கரியைவிட அதிகம். பத்துப் பன்னிரண்டு லாரி அளவுக்கு வித்தியாசம்.

கப்பல் அதிகாரிக்கு ஒரே சந்தோஷம். கொண்டு வந்ததற்கு மேலேயே கொடுத்துவிட்டோம் என்கிற மாதிரி உடனே கையெழுத்துக்குத் தயாரானார். அப்படியானால் மீதி நிலக்கரி துறைக்கும் எடைமேடைக்கும் நடுவில் காணாமல் போயிருக்க வேண்டும். அது யார் தலையில் விழும் என்பது எல்லோருக்கும் தெரியும். பொன்ராஜ் சார் கையெழுத்துப் போடாமல், மறுபடி ஒருமுறை அளக்க வேண்டும் என்று படகுக்கு இறங்கினார். படகுக்கார மாரியண்ணன் விஷயத்தைக் கேட்டதும் எஞ்சினைக் கிளப்பாமலே சொன்னார்: "லாரி ஓட்றவன் எவனாச்சும் ஒருத்தனப் புட்ச்சி உள்ள வெச்சிருவானுங்க சார். என் மச்சான் அந்த வரிசைலதான் கீறான்."

கப்பலின் நடுப்பகுதிக்குப் போனோம். தண்ணீர் எடுக்க எங்களிடம் ஈயம் கட்டிய ஒரு பித்தளை டப்பா உண்டு. வாயில் அடைப்பான், அடைப்பானில் தனிக் கயிறு. டப்பாவைத் தேவையான ஆழத்துக்கு இறக்கிவிட்டு அந்தக் கயிற்றைச் சுண்டினால் அடைப்பான் பிடுங்கிக்கொள்ளும், அந்த ஆழத்துத் தண்ணீர் உள்ளே போகும். பொன்ராஜ் சார் எப்போதும் போல இறக்கினார், எப்போதும் போலச் சுண்டினார். நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ தடவை பார்த்ததுதான். அன்றைக்கு மனது விடைபெறுகிற மனதாக இருந்ததால் ஒவ்வொன்றையும் கடைசியாகப் பார்க்கிற மாதிரி பார்த்தேன் போல.

டப்பா தண்ணீரைத் தொட்டதுமே குமிழிகள் வந்தன. கொத்தாக. பிறகு அது கீழே போனது. கயிற்றைச் சுண்டியபோது ஒரு குமிழிகூட வரவில்லை.

எனக்குக் காது சூடாகிவிட்டது. டப்பாவுக்குள் இருந்த காற்று வெளியே வரவேண்டியது சுண்டும்போதுதான். முன்னாலேயே வந்துவிட்டது என்றால் டப்பா மேல்மட்டத்திலேயே நிரம்பிவிட்டது. அடைப்பான் தேய்ந்துபோய், தண்ணீர் பட்டதும் தானாகக் கழன்றுகொண்டிருந்தது. நாங்கள் நிரம்பிய டப்பாவைக் கீழே இறக்கி, வெறும் கயிற்றைச் சுண்டி, மேல் தண்ணீரையே ஆழத்துத் தண்ணீர் என்று எடுத்து வந்திருக்கிறோம். எவ்வளவு காலமாக என்று தெரியாது. மற்ற நாட்களில் துறையில் தண்ணீர் மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரிதான், அதனால் யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. மழைக்குப் பிறகு அப்படி இல்லை. மேலே ஆறு, கீழே கடல். என் பழைய தலைப்பு அப்படியே கப்பலுக்கடியில் படுத்திருந்தது.

"சார், இது மேல்தண்ணி" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "சொல்லுங்க மேடம். என்ன கண்டுபிடிச்சிய?"

மேடம் வந்துவிட்டது. இருந்தாலும் நிறுத்த முடியவில்லை. குமிழியைச் சொன்னேன், போர்வையைச் சொன்னேன், கப்பலின் அடிப்பாகம் உப்புத் தண்ணீரில்தான் நிற்கிறது, நாம் முழுவதையும் ஆற்றுத் தண்ணீர் என்று கணக்குப் போட்டதால் காலிக் கப்பலின் எடை குறைந்து, நிலக்கரி கூடிவிட்டது என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர் தண்ணீரைக் கொட்டி, அடைப்பானைச் செருகி, டப்பாவை மறுபடி இறக்கினார். இந்தத் தடவை குனிந்து, தண்ணீருக்கு மிக அருகே முகத்தை வைத்துப் பார்த்தார். குமிழிகள் வந்தன. சுண்டினார். வரவில்லை. டப்பாவைத் தூக்கி, தேய்ந்த அடைப்பானை விரலால் தடவிப் பார்த்தார்.

"மூணு வருசமா இந்த டப்பாவத்தான் வச்சிருக்கேன்" என்றார். பிறகு, "ஏம்மா, அடைக்கிறதுக்கு இப்ப என்ன வழி?"

ஏம்மா என்றதும் எனக்கு உயிர் வந்தது. வழியைக் கண்டுபிடித்தது மாரியண்ணன். காலில் கிடந்த ரப்பர் செருப்பைக் கழற்றி, மீன் அறுக்கிற கத்தியால் குதிகால் பக்கம் ஒரு வட்டம் வெட்டினார். நான் அதைக் கழுவித் துடைத்து, கயிற்றை முடிந்து, டப்பாவின் வாயில் திருகி அடைத்தேன். இறுக்கமாக உட்கார்ந்தது. மேல்மட்டத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கப்பலின் அடி இருக்கிற ஆழத்தில் ஒன்று என்று மூன்று தண்ணீர் எடுத்தோம். ஒவ்வொரு தடவையும் சுண்டிய பிறகுதான் குமிழி வந்தது, அதுவும் கீழிருந்து மெதுவாக ஏறி வந்தது. மூன்று கண்ணாடிக் குவளைகளில் ஊற்றி வரிசையாக வைத்தோம். முதல் குவளை டீ. இரண்டாவது கலங்கல். மூன்றாவது சுத்தமான பச்சைக் கடல். மிதவை முதலில் அமுங்கியது, இரண்டாவதில் எழும்பியது, மூன்றாவதில் துள்ளி நின்றது.

"இன்னா சார் இது," என்றார் மாரியண்ணன், "ஒரே எடத்துல மூணு கடல் கீது."

கப்பல் அதிகாரியையும் படகுக்கு வரவழைத்து, அவர் கையாலேயே எடுக்க வைத்தார் பொன்ராஜ் சார். எண்ணைச் சொல்லவில்லை, அவரையே படித்து எழுதச் சொன்னார். தாள்களைத் திருப்பியபோது இரண்டிலும் ஒரே எண். அதிகாரி கொஞ்சம் முணுமுணுத்தார், ஆனால் தானே எழுதியதை எப்படி மறுப்பார்? சராசரி அடர்த்தியைப் போட்டுக் கணக்குப் பண்ணியதும் அந்தப் பத்துப் பன்னிரண்டு லாரிகளும் கரைந்துவிட்டன. எடைமேடைக் கணக்கோடு ஒட்டி வந்தது. மாரியண்ணன் மச்சானுக்குப் போன் போட்டு, "டேய், நீ திருடன் இல்லியாம், அக்கா சொல்லிச்சு" என்றார்.

விஷயம் அதோடு முடியவில்லை. நாங்கள் கிளம்பும்போது கப்பலை வெளியே இழுக்க இழுவைப்படகு வந்தது. அதன் விசிறி சுழன்றதும் டீ நிறத்துக்குள் பச்சை புரண்டு மேலே வந்தது. எனக்குத் தாங்கவில்லை. மாரியண்ணனைக் கெஞ்சி இன்னொரு தடவை மூன்று ஆழத்திலும் எடுத்தேன். மூன்று குவளையும் கிட்டத்தட்ட ஒரே நிறம். சற்றுத் தள்ளி, படகு போகாத இடத்தில் எடுத்தேன். அங்கே போர்வை அப்படியே இருந்தது. நான் பி.எச்டி.யில் ஆறு, கடல், காற்று எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தேன். கப்பலை எடுக்கவே இல்லை. இவ்வளவு பெரிய உடம்புகள் நாளெல்லாம் வந்து நின்று, திரும்பி, கலக்கிவிட்டுப் போகிற இடத்தில், தண்ணீர் எப்படிப் படுக்கிறது என்று யாராவது பார்த்திருக்கிறார்களா? பொன்ராஜ் சார் கைக்குட்டையால் மிதவையைத் துடைத்தபடி, "எதுக்கும்மா இது? கணக்கு முடிஞ்சிட்டே" என்றார். எனக்கு முடியவில்லை.

கரையேறியதும் மாத்திரைப் பேராசிரியருக்குப் போன் செய்தேன். வரவில்லை சார் என்றேன். அவர் கோபப்படவில்லை, ஆச்சரியப்பட்டார். வேறு இடம் கிடைத்துவிட்டதா என்றார். இல்லை என்றேன்.

"அப்ப எதுக்கும்மா விடுறீங்க?"

"எனக்கு இங்க ஒரு கேள்வி கிடைச்சிருக்கு சார்."

அவர் ஏதோ தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "கைடு?" என்றார்.

"இல்ல சார்."

"ஃபெலோஷிப்?"

"அதுவும் இல்ல."

"நல்லா இருங்க" என்று வைத்துவிட்டார். கிண்டலா வாழ்த்தா என்று இன்றுவரை தெரியாது. விம்கோ நகர் வரை ஷேர் ஆட்டோவில் சிரித்துக்கொண்டே போனேன். அதற்கப்புறம் பயம் வந்தது. அப்பாவிடம் என்ன சொல்வது?

வீட்டில் சூட்கேஸ் கட்டிலின்மேல் திறந்து கிடந்தது. அப்பா என் துணிகளை அவருக்குத் தெரிந்த அழகில் மடித்து வைத்துக்கொண்டிருந்தார். சொன்னேன். மடித்துக்கொண்டிருந்த துப்பட்டாவோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அப்ப டாக்டரு?" என்று மட்டும் கேட்டார். தெருவில் அவருக்கு அது என்னவாக இருந்தது என்று எனக்குத் தெரியும். அடுக்களைக்குப் போய் ஒரு கண்ணாடித் தம்ளரில் உப்புத் தண்ணீரை ஊற்றி, அதன்மேல் கரண்டியின் முதுகில் வழியவிட்டு மெதுவாக டீத் தண்ணீரை ஊற்றிக் கொண்டு வந்து வைத்தேன். இரண்டும் கலக்காமல் நின்றன. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"பொட்டியத் திருப்பிக் குடுத்தா வாங்கமாட்டான்" என்றார் கடைசியில். அவ்வளவுதான்.

அடுத்த திங்கட்கிழமையே பொன்ராஜ் சார் சாத்தாங்காட்டில் ஒரு லேத்துக்காரரிடம் பித்தளையில் புது அடைப்பான் கடைந்து வாங்கி வந்தார். எந்தக் கப்பலானாலும், மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மூன்று ஆழத்தில் எடுப்பது எங்கள் அலுவலக வழக்கமானது. மற்ற அளவைக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருவர் எங்கள் அடைப்பானை ரகசியமாகப் பார்த்துவிட்டுப் போனதாக மாரியண்ணன் சொன்னார். நான் வேலைக்குப் போட்ட அதே கணக்கை வீட்டில் எனக்காகவும் போட்டுக்கொண்டேன். மழைக்காலம், வெயில் காலம், எந்தக் கப்பல் எவ்வளவு நேரம் நின்றது, இழுவைப்படகு எந்தப் பக்கம் திரும்பியது. கைடாக இருக்க முடியுமா என்று பத்துப் பேராசிரியர்களுக்கு எழுதினேன். எட்டுப் பேர் பதிலே போடவில்லை, ஒருவர் இதெல்லாம் பொறியாளர்கள் வேலை என்றார். கடைசி ஒருவர் நேர்காணலுக்கு வரச் சொன்னார்.

போன கோடையில் அந்த அறைக்குள் போனேன். நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைமையில் இருந்த பேராசிரியை என் விவரங்களைப் புரட்டிவிட்டு, "பி.எச்டி. விட்டதுக்கப்புறம் இத்தனை வருஷம் படிப்பு சம்பந்தமா எதுவுமே இல்லையே" என்றார். கப்பலில் வேலை செய்தேன் என்றேன். மற்ற மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் பேனாவை மூடியபடியே, முடித்துக்கொள்கிற குரலில் ஒரு கேள்வி கேட்டார்: "சரி, மழைக்கப்புறம் துறைக்குள்ள மேல் அடுக்கு எத்தனை மீட்டர் இருக்கும்னு நினைக்கிறீங்க?"

"எந்தக் கப்பல் நிக்குதுன்னு சொல்லுங்க மேடம், சொல்றேன்."

அவர் நிமிர்ந்தார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, மூடிய பேனாவைத் திறந்து என்னிடம் நீட்டினார். "வரைஞ்சு காட்டுங்க."

நான் கப்பலின் அடியிலிருந்து ஆரம்பித்தேன்.